ஆறாவது நாற்காலி

எங்கள் வீட்டுக்காரர் பெஞ்சமினை இந்தக் கரையில் எல்லாரும் அடக்கமான மனிதர் என்கிறார்கள். கல்யாண வீட்டில் நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். மாதா கோயில் கூட்டத்தில் பங்குச் சாமியாரே கூப்பிட்டாலும் சுவரோரமாக நின்றுகொள்வார். "உன் வீட்டுக்காரருக்கு எம்புட்டு அடக்கம் பாரு ஜெபமாலை" என்று பெண்கள் என்னிடம் சொல்லும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். அடக்கமாம், அடக்கம். கூட வாழ்கிறவளுக்குத் தெரியாதா? அது வெட்கம். எத்தனை வருஷமானாலும் அவரை விட்டு இறங்காத வெட்கம். அதில் பாதி என் தலையிலும் இருக்கிறது. அவர் செய்தது என் கூடப்பிறந்த அண்ணனுக்கு அல்லவா.

மீசை முளைக்கும் முன்னாலேயே மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு துரைமார் கிளப்பில் பந்து பொறுக்கிப் போடுகிற வேலைக்குப் போனவர் அவர். துரைமார் டென்னிஸ் ஆடுவார்கள். ஆடாதவர்கள் ஓரத்தில் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து எலுமிச்சைச் சாறு குடிப்பார்கள். இவர் வெயிலில் குனிந்து குனிந்து ஓடுவார். சுதந்திரம் வந்தது, துரைமார் போய் ஆபீசர்மார் வந்தார்கள். நாற்காலியும் மாறவில்லை, இவர் குனிவதும் மாறவில்லை. பிறகு அந்தக் கிளப்பையே மூடிவிட்டார்கள். வேண்டாம் என்று ஒதுக்கிப் போட்டிருந்த ஆறு பிரம்பு நாற்காலிகளைக் கேட்டு வாங்கி, ரயிலில் ஏற்றிப் பாம்பன் பாலம் தாண்டி ஊருக்குக் கொண்டுவந்தார். தங்கச்சிமடத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்த சின்ன ஊர் எங்களுடையது. வீட்டில் உலை வைக்க ஓட்டையில்லாத பானை ஒன்று இல்லை, ஆறு நாற்காலி வந்து இறங்குகிறது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"நம்ம ஊருக்கு ஒரு கிளப்பு வைக்கப் போறேன்" என்றார்.

கோயிலுக்குப் பின்னால் உள்ள பொட்டலில் பையன்கள் துணியைச் சுருட்டிக் கட்டிப் பந்தென்று உதைத்துக்கொண்டிருந்த காலம். அவர்களுக்கு நிஜமான தோல் பந்து, நட்டுவைத்த கம்பம், பக்கத்து ஊர்களோடு பந்தயம், இதெல்லாம் இவர் ஆசை. அதற்குச் சங்கம் வேண்டும், சங்கத்துக்குச் சந்தா வேண்டும். சந்தாவை எப்படி வைப்பது என்றுதான் ஒரு மாதமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார்.

வீட்டு வாசல் மணலில் சோழிகளையும் சிப்பிகளையும் பரப்பி வைத்துக்கொண்டு யோசிப்பார். சோழி என்றால் நாற்காலி, சிப்பி என்றால் பெஞ்சு. வலையோ வள்ளமோ வைத்திருக்கிற சம்மாட்டிகள் வருஷத்தில் ஒருநாள் பாட்டை, அதாவது அன்று விழுகிற மீனில் தங்கள் பங்கு முழுவதையும், சங்கத்துக்கு விட்டுவிட வேண்டும். அவர்களுக்கு நாற்காலி. ஒரு கூடை மீன் கொடுத்தால் பெஞ்சு. மீனே கொடுக்க முடியாதவன் ஒருநாள் வந்து பொட்டலில் உடைமுள் வெட்டி மணலை நிரவிக் கொடுத்தால் போதும், வருஷம் முழுக்க மணலில் உட்கார்ந்து பந்தயம் பார்க்கலாம். அதற்கு மணல் சந்தா என்று பேர்.

"ஒருத்தன்கூட விட்டுப் போகப்படாது, பாத்தியா?" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

"ஊருல சம்மாட்டி அஞ்சு பேருதான். ஆறாவது நாற்காலி யாருக்கு?" என்று கேட்டேன்.

அவர் மணலைப் பார்த்துக்கொண்டே, "செயலாளருன்னு ஒருத்தரு வேணும்ல" என்றார்.

ஆசை வெட்கமறியாது என்பார்கள். நான் சிரித்துவிட்டேன். ஆனாலும் பாவம், இத்தனை வருஷம் குனிந்த முதுகு, ஒருநாள் மைதானத்தோரம் சாயட்டுமே என்றுதான் நினைத்தேன்.

சம்மாட்டிகள் ஐந்து பேரும் நாற்காலிக்குத் தலையாட்டினார்கள். அந்த ஒருநாள் மீன் பங்கைக் கேட்டபோது, "வாடை பொறக்கட்டும், தாரேன்" என்றார்கள். ஐந்து பேர் வாயிலும் அதே பேச்சு. பந்து வாங்க வழியில்லாமல் இவர் உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டிருந்தபோதுதான் என் அண்ணன் கில்பர்ட் வந்தான்.

அண்ணனுக்கு வலையும் இல்லை, வள்ளமும் இல்லை. கஸ்பார் சம்மாட்டியின் கரைவலையில் கயிறு இழுக்கிறவன். கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கடலுக்குள் கிடக்கிற வலையை அரை நாள் இழுத்துக் கரையேற்றுகிற வேலை. உள்ளங்கை ரெண்டும் செருப்புத் தோலாகக் காய்த்துப் போயிருக்கும்.

"மாப்ள, கயிறு இழுக்குற நாங்க அம்புட்டுப் பேரும் சேந்து ஒருநாள் பாட்டுல எங்க பங்க விட்டுத் தாரோம். எங்க எல்லாத்துக்கும் சேத்து ஒரு நாற்காலி கெடைக்குமா? முறை வச்சு உக்காந்துக்கிருவோம். ஒரு பந்தயத்துக்கு ஒருத்தன்" என்றான்.

இவர் வாசல் மணலைப் பார்த்தார். சேர்ந்து கொடுக்கக் கூடாது என்று எந்தச் சோழியும் சொல்லவில்லை. ஆறாவது சோழியை அண்ணன் பக்கம் நகர்த்தி வைத்து, "ஒங்களுக்குத்தான் மச்சான்" என்றார். அன்றைக்கு என் வீட்டுக்காரரைப் பார்க்க எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்று சொல்லி முடியாது. செயலாளர் நின்றுகொண்டு இருந்தால்தான் என்ன, குறைந்தா போவார்?

சொன்னபடி அந்த வாரமே ஒருநாள் பங்கை விட்டார்கள். நல்ல சாளை மீன் பாடு. இழுத்த கை அத்தனையும் வெறும் கையாக வீட்டுக்குப் போனது. அன்று அந்த வீடுகளில் எல்லாம் கஞ்சிக்குத் துவையல்தான் என்று மதினி சொன்னாள், குறையாக அல்ல, சிரித்துக்கொண்டே. அந்தப் பங்கை விற்றுத்தான் மதுரையிலிருந்து தோல் பந்து வந்தது. சங்கத்துக்கு அதுவரை உருப்படியாக வந்து சேர்ந்த சந்தா அது ஒன்றுதான்.

சங்கத்தின் திறப்பு விழாவுக்கும் முதல் பந்தயத்துக்கும் முந்தின நாள், விளக்கு வைக்கிற நேரம், கஸ்பார் சம்மாட்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடுகிற மனிதர் இல்லை. என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிள்ளைகளை விசாரித்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"பெஞ்சமினு, கில்பர்ட்டு நல்ல பய. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா எங் கயித்த இழுக்குறவன் சாயங்காலம் எம் பக்கத்துல சரிக்குச் சரியா உக்காந்தான்னா, மறுநாள் காலையில 'ஏலே, இழுறா'ன்னு நான் எந்த வாயால சொல்லுறது? எனக்கு நாற்காலி வேணாம்ப்பா. மத்த நாலு பேரும் அதையேதான் சொல்லுறாக. நீரு நல்லபடியா நடத்தும்."

எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான். மிரட்டவில்லை, திட்டவில்லை.

இவர் வெகுநேரம் வாசலில் குத்தவைத்திருந்தார். நாற்காலிக்காரர்கள் ஐந்து பேரும் வராவிட்டால் கிளப்பு என்ன கிளப்பு என்பது அவர் கவலை. பிறகு கையை நீட்டினார். ஆறாவது சோழியை எடுத்து இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார், கடைசியில் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கூட்டுச் சந்தாவுக்கு நாற்காலி கெடையாதுன்னு ஒரு விதி வச்சிருவோம். ஒரு வருசம் போகட்டும். பெறகு பாத்துக்கிரலாம்."

"பந்து யாரு மீனுல வந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் மிச்ச ஐந்து சோழிகளையும் வரிசையாக்கினார்.

"சரி, அண்ணங்கிட்ட இப்பவே போய்ச் சொல்லிருங்க. இல்லாட்டி நான் போறேன்."

"வேணாம், வேணாம். நானே காலையில பூசைக்குப் போறப்ப சொல்லிருதேன்."

காலையில் பூசைக்குப் போனார். அண்ணனுக்கு இரண்டு வரிசை பின்னால் முழங்கால் போட்டிருந்தார். பூசை முடிந்ததும் குனிந்த தலை நிமிராமல் வீட்டுக்கு வந்துவிட்டார். சொல்லவில்லை. கோழை என்று கட்டின புருஷனை மனசுக்குள் திட்டினது அன்றுதான் முதல் தடவை.

சாயங்காலம் ஊரே பொட்டலில் கூடிவிட்டது. விதி மாறின சேதி சம்மாட்டிகளுக்கு மட்டும் ராத்திரியே போயிருந்தது. ஐந்து நாற்காலியில் ஐந்து பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆறாவது காலியாக இருந்தது. பெஞ்சிலும் மணலிலும் கூட்டம். கயிற்றுக்காரர்கள் ஒரே திரளாக வந்தார்கள், முன்னால் என் அண்ணன். முதல் முறை யாருக்கென்று சீட்டுப் போட்டார்களாம், அவனுக்கு விழுந்ததாம். கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தான். தோள் பிடித்து, பொத்தான் பூட்டவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவியிருந்தான். நேரே ஆறாவது நாற்காலிக்குப் போனான்.

இவர் குறுக்கே ஓடி வந்தார்.

"மச்சான், அது… அது செயலாளர் நாற்காலி மச்சான். கூட்டுச் சந்தாவுக்கு நாற்காலி கெடையாதுன்னு விதி ஆயிருச்சு."

அண்ணன் கஸ்பார் சம்மாட்டியைப் பார்த்தான். அவர் கடலைப் பார்த்தார். அண்ணனுக்குப் பின்னால் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்தான். அந்த நாற்காலியைத் தட்டித் துடைத்தான், கை, முதுகு, கால் எல்லாம். பிறகு அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு, "அப்ப உக்காருங்க மாப்ள. செயலாளரு நிக்கப்படாது" என்றான்.

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் இவரும் ஏதாவது பேசித் தப்பித்திருப்பார்.

"இருக்கட்டும் மச்சான்…"

"உக்காருங்க. நாங்க பாக்கணும்."

ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. சம்மாட்டிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார். சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட நாற்காலி, நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. பந்தயம் முடியும்வரை கயிற்றுக்காரர்கள் மணலில் உட்காராமல் நின்றே பார்த்தார்கள். எந்தப் பக்கம் ஜெயித்தது என்று இன்றைக்கு என்னைக் கேட்டால் தெரியாது. அவர்கள் மீனில் வந்த பந்து அங்குமிங்கும் உருண்டது மட்டும்தான் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் சண்டைக்கு வருவார்கள், பந்தைக் கேட்பார்கள் என்று நாங்கள் இருவரும் பயந்துகொண்டிருந்தோம். பொழுது விடிந்ததும் பொட்டல் பக்கம் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், கயிற்றுக்காரர்கள் அத்தனை பேரும் உடைமுள் வெட்டிக்கொண்டு, மணலை நிரவிக்கொண்டு நிற்கிறார்கள். அன்றைக்கு அவர்கள் கயிறு பிடிக்கப் போகவில்லை. ஒருநாள் பங்கு மறுபடியும் போச்சு.

"என்ன மச்சான் இது?" என்றார் இவர்.

அண்ணன் நிமிர்ந்து வேர்வையைத் துடைத்தான். "நேத்து நாங்க சந்தா இல்லாம நின்னு பாத்துட்டோம்ல. நாளைக்கு ஓசியில பாத்த பயலுகன்னு ஒரு பேச்சு வரப்படாது. மணல் சந்தா கட்டிக்கிட்டு இருக்கோம்."

இவர் கீழே கிடந்த ஒரு மண்வெட்டியை எடுத்தார். இரண்டு வெட்டு வெட்டியிருப்பார். அண்ணன் பக்கத்தில் வந்து, அவர் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கிக்கொண்டான்.

"நீங்க எதுக்கு மாப்ள? நீங்க நாற்காலிச் சந்தா."