கொரியாப் பெட்டியும் கொக்கின் காலும்

பாம்பனில் புதுப் பாலம் கட்டி முடியாமல், ரயிலெல்லாம் மண்டபத்தோடு திரும்பிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்துக்குப் போகிற வழியில் எங்களுக்கு ஒரு சங்கு, சிப்பிக் கடை இருக்கிறது. நான் நயினார்கோவில் பக்கம் மிளகாய் விளைகிற வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகி வருகிறவரைக்கும் சங்கு என்றால் கோயிலில் ஊதுவது என்றுதான் தெரியும். வந்து இருபது வருஷத்தில் சிப்பி கழுவுவது, அறுப்பது, ஒட்டுவது எல்லாம் கைக்குப் பழகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் இன்ன சிப்பி என்று சொல்லிவிடுவேன்.

இப்படிப்பட்டவளுக்குக் கொரியாப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்பீர்கள். எல்லாம் என் கொழுந்தனால் வந்தது. அவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரியக் குடும்பத்துக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் ஊர் திரும்பும்போது உள்ளங்கை அளவில் ஒரு கறுப்பு டப்பாவை இவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை என்னிடம் கொண்டு வந்து, "மதினி, ஒங்க கடைச் சாமான் மாதிரியே இருக்கு, பாருங்க" என்றார்.

மூடியில் சிப்பியால் ஒரு பூ. நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன், எங்கேயும் தட்டவில்லை. நாங்கள் சிப்பியை முழுசாக எடுத்து மேலே ஒட்டுகிறவர்கள். அந்த ஊர்க்காரர்கள் வெங்காயத் தோல் மாதிரி சிப்பியை இழைத்து, மரத்தின் மேல் பதித்து, அதன் மேல் கறுப்பு மெருகு பூசிப் பூசித் தேய்த்து, கண்ணாடி போலச் சமமாக்கியிருந்தார்கள். 'நாம் என்னத்தைத் தொழில் செய்கிறோம்' என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அன்றைக்குப் பிடித்ததுதான். ஊர் திரும்புகிற கொரியர்கள் விட்டுப்போகிற சாமான்கள் சென்னையில் சில பழைய சாமான் கடைகளுக்கு வரும். கொழுந்தன் கண்ணில் பட்டதைப் படம் எடுத்து அனுப்புவார். நான் போனில் வீடியோ போட்டுப் பார்த்து, எது பழசு எது புதுசு என்று நானாகவே கொஞ்சம் கற்றுக்கொண்டேன். பாஷை ஒன்றும் விளங்காது. ஆனால் வேலை செய்கிற கையைப் பார்த்தால் போதாதா? இப்படி வெண்கலக் கரண்டி, கல்யாணத்துக்கு வைக்கிற மர வாத்து ஜோடி, சாமான் கட்டி முடிய ஒட்டுத் துணியால் தைத்த ஒரு சதுரத் துணி என்று கண்ணாடி அலமாரி நிறைந்துகொண்டே வந்தது.

பக்கத்துக் கடை அக்கா சும்மா இருப்பாரா? "ஏத்தா, ஊரே இங்கன வந்து பாவத்தைத் தொலைச்சுட்டுப் போகுது. நீ என்னடான்னா கொரியாக்காரன் தொலைச்சதையெல்லாம் பொறுக்கிக்கிட்டு வாரியே!" என்பார். என் வீட்டுக்காரர் அவர் பங்குக்கு, "நாடகம் பாத்துக் கெட்டவ" என்று எல்லோரிடமும் அறிமுகம் செய்து வைப்பார். ஒரு நாள்கூட நான் முழுசாக ஒரு கொரிய நாடகம் பார்த்தது கிடையாது!

இந்த நேரத்தில்தான் அந்தப் பெட்டி வந்தது. தையல் மிஷின் மூடி அளவு இருக்கும். கறுப்பு மெருகு, வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் பித்தளைப் பூட்டுத் தகடு. மூடி மேல் மலை, சூரியன், வளைந்து வளைந்து ஒரு பைன் மரம். முன்னால் மான். பெட்டியின் இரண்டு பக்கப் பலகையிலும் ஒவ்வொரு கொக்கு. கொக்கின் இறகு ஒவ்வொன்றும் நூல் கனத்தில் வெட்டிய சிப்பி. கொழுந்தன் அதை ரயிலில் மடியில் வைத்து மண்டபம் வரை கொண்டு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்த்தார்.

பழம்பொருள் சேகரிக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நானும் இருந்தேன். நாணயம், தபால்தலை, ஓலைச்சுவடி, பழைய விளக்கு என்று பெரிய பெரிய ஆட்கள். நான் வாயே திறந்ததில்லை. ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரி மண்டபத்தில் கண்காட்சி வைக்கப்போகிறோம், அவரவர் பொருளைப் படம் எடுத்துப் போடுங்கள் என்றார்கள். முதல் தடவையாகத் துணிந்து என் பெட்டியைப் போட்டேன்.

கண்காட்சிக்குப் பொருள் தேர்வு செய்கிறவர் மதுரையில் கல்லூரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குழுவில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. பத்தே நிமிஷத்தில் பதில் போட்டார்: "இது பிளாஸ்டிக். சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பது. கண்காட்சிக்கு ஏற்றதல்ல."

கீழே வரிசையாகக் கட்டை விரல்கள். யாரோ ஒருவர் சிரிக்கிற மூஞ்சியும் போட்டிருந்தார். அந்த மஞ்சள் மூஞ்சியைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். கொரியாவைப் பற்றி யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். சிப்பியைத் தெரியாதவள் என்று என்னைச் சொன்னால்? அரை நாள் பொறுத்து, "நேரில் கொண்டு வந்து காட்டலாமா சார்?" என்று எழுதினேன். "கொண்டு வாருங்கள். பார்த்தபின் நான் சொல்வதுதான் முடிவு" என்று பதில் வந்தது.

கண்காட்சிக்கு முதல் நாள். கடையில் கூட்டமில்லை. பெட்டியைத் துடைத்து வைப்போம் என்று உட்கார்ந்தேன். வலப்பக்கத்துக் கொக்கின் ஒரு கால் மட்டும் அழுக்கேறி மங்கியிருந்தது. எங்கள் தொழிலில் சிப்பி மங்கலாக இருந்தால் யாரும் யோசிப்பதில்லை. கடலிலிருந்து வருகிற சிப்பியில் ஏறியிருக்கிற சுண்ணாம்பை எடுக்க, தண்ணீர் நிறையக் கலந்த ஆசிட்டில் ஒரு முக்கு முக்கி எடுப்போம். பளிச்சென்று வந்துவிடும். ஜாடி எப்போதும் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். பஞ்சை எடுத்தது, நனைத்தது, கொக்கின் காலில் வைத்துத் தேய்த்தது எல்லாம் என் கைதான் செய்தது. நான் அப்போது பக்கத்துக் கடை அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன்.

சுர்ர் என்று நுரைத்தது.

திரும்பிப் பார்த்தேன். தண்ணீரை எடுத்துத் துடைப்பதற்குள் கொக்கின் கால் பாதிக்கு மேல் அரித்துப் போய், பள்ளமும் கறுப்புமாக நின்றது. எங்கள் சிப்பி விரல் கனம். அது வெங்காயத் தோல். தாங்குமா?

"ஆத்தாடி" என்று நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரர் ஓடி வந்தார். பார்த்தார். "சரி விடு. பிளாஸ்டிக்தானேன்னு அவரே சொல்லிட்டார்ல" என்றார் ஆறுதலாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிளாஸ்டிக் நுரைக்காதே! சிப்பிதான் ஆசிட் பட்டால் பொங்கும். தினம் தினம் பார்க்கிறவளுக்கு இது தெரியாதா? "ஏங்க, சிப்பிங்க! அசல் சிப்பி!" என்று கத்திவிட்டு, அடுத்த நொடியே அழுதேன். அவர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சிரிக்கிறியா அழுவுறியா, ஒண்ணைச் செய்" என்றார்.

அசல் என்று தெரிந்துவிட்டது. ஆனால் எப்படித் தெரிந்தது என்று வெளியில் சொல்ல முடியுமா? பழம்பொருள் சேகரிக்கிறவர்கள் ஈரத் துணி படுவதற்கே பயப்படுவார்கள். நான் ஆசிட் ஊற்றியிருக்கிறேன். சொன்னால் அந்தக் குழுவில் முகம் காட்ட முடியாது. சொல்லாவிட்டால் பெட்டி பிளாஸ்டிக். கெட்ட பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்துவிடுவது, மற்ற பக்கத்தைப் பார்த்தாவது அவர் ஒப்புக்கொள்வார் என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் காலையில் பெட்டியை வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ள, நானும் வீட்டுக்காரரும் பஸ் ஏறினோம். கண்டக்டர் துணிமூட்டையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "ஏக்கா, எல்லாரும் இங்கன கொண்டாந்துதான் கரைப்பாங்க. நீங்க என்ன திருப்பிக் கொண்டு போறீங்க?" என்றார். அஸ்தி என்று நினைத்துவிட்டார்! பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

கல்லூரி மண்டபத்தில் பெட்டியைக் காட்ட எனக்கு ஒதுக்கிய இடம் கதவோரத்தில் ஒரு பெஞ்சு. வலப்பக்கத்தைச் சுவரோடு சுவராக ஒட்டி வைத்தேன். சார் வந்தார். மெலிந்த உருவம், மரியாதையான பேச்சு. குனிந்து பார்த்தார். மூடியை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"நல்ல வேலைதான்மா. ஆனா இவ்வளவு மெல்லிசா, இவ்வளவு ஒழுங்கா சிப்பி வராது. அச்சுல எடுத்த பிளாஸ்டிக். மனசுல வச்சுக்காதீங்க."

"சார், நான் இருபது வருஷமா சிப்பியில கெடக்குறவ சார்."

பின்னால் நின்ற, பழைய விளக்குகள் சேர்க்கிற ஒரு விளக்குக்காரர், "சங்குக் கடைக்காரங்களுக்குப் பாக்குறதெல்லாம் சிப்பியாத்தான் தெரியும்" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். வாட்ஸ்அப்பில் வந்த மஞ்சள் மூஞ்சி இவராகத்தான் இருக்க வேண்டும் என்று பட்டது.

வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "வா, போவோம். நமக்கு எதுக்கு இது?" என்று துணியை எடுத்து விரித்தார். நானும் பெட்டியில் கையை வைத்தேன். தூக்கத்தான் வைத்தேன். கை என்னவோ பெட்டியைத் திருப்பிவிட்டது.

"சார், இந்தக் கொக்கோட காலைப் பாருங்க. நேத்து நான்தான் ஆசிட்டு போட்டுக் கெடுத்தேன்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "பழம்பொருள்லயா? ஆசிட்டையா போட்டீங்க?"

"ஆமா சார். எங்க தொழில்ல சிப்பி மங்குனா அதான் போடுவோம். யோசிக்காம செஞ்சுட்டேன். தப்புத்தான்."

"என்ன ஆசிட்?"

"சங்கு கழுவுறதுதான் சார். தண்ணிதான் நெறைய. ஆசிட்டு கொஞ்சந்தான்."

அவர் பெட்டியருகே குனிந்து மெதுவாகக் கேட்டார்: "நுரைச்சுதா?"

"பொங்குச்சு சார். சுர்ருன்னு பொங்குச்சு. தொடைக்கிறதுக்குள்ள கால் போயிருச்சு."

போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு தரையில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்துவிட்டார். அரித்த இடத்தை விரல் நுனியால் தடவினார். நல்லாயிருந்த இன்னொரு காலைத் தடவினார். மறுபடி அரித்த இடம். எழுந்திருக்கும்போது சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் கெமிஸ்ட்ரி வாத்தியார்மா. சுண்ணாம்புச் சத்து இருந்தா ஆசிட் பட்டதும் நுரைக்கும்னு முப்பது வருஷம் போர்டுல எழுதியிருக்கேன். தண்ணி கலந்த ஆசிட் பிளாஸ்டிக்கை ஒண்ணும் பண்ணாது. இது அரிச்சிருக்கு. சிப்பியேதான்." பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "நான் படத்தைப் பார்த்துச் சொன்னது தப்பு. இப்ப நேர்ல பார்த்துச் சொன்னதும் தப்பு. இந்தம்மா சொன்னதுதான் சரி" என்றார்.

சொன்னதோடு நிற்கவில்லை. பெட்டியை இரண்டு கையாலும் அவரே தூக்கினார். மண்டபத்தின் நடுவில் இருந்த பெரிய மேஜையில், ஓலைச்சுவடிகளை ஒதுக்கச் சொல்லி அங்கே கொண்டு போய் வைத்தார். விளக்குக்காரர்தான் சுவடிகளை நகர்த்தி இடம் விட்டார்! என் வீட்டுக்காரர் விரித்த துணியை அவசரமாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"விவர அட்டையை நீங்களே எழுதுங்கம்மா" என்றார் சார். கொரியப் பெட்டி, கறுப்பு மெருகில் சிப்பி இழைத்தது, வயது தெரியவில்லை என்று எழுதி நீட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "காலைப் பத்தியும் எழுதுங்க. அதை மறைச்சா அட்டை முழுசாகாது." எழுதினேன்: 'வலப்பக்கக் கொக்கின் ஒரு கால் என் கையால் கெட்டது.'

அன்று மாலை வரை எந்த மேஜையிலும் அத்தனை கூட்டம் இல்லை. முதலில் பைன் மரத்தைப் பார்ப்பார்கள், அட்டையைப் படிப்பார்கள், பிறகு வலப்பக்கம் போய்க் குனிந்து காலைத் தேடுவார்கள். சிப்பியை எப்படி இழைக்கிறார்கள், ஏன் நகம் தட்டுவதில்லை, வெளிச்சத்தில் சாய்த்தால் ஏன் பச்சையாகவும் ஊதாவாகவும் மாறுகிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். குழுவில் வாய் திறக்காதவளுக்கு அன்றைக்குத் தொண்டை கட்டிவிட்டது. கல்லூரிப் பெண் ஒருத்தி, "ஐயோ, கால் போயிருச்சே" என்று உச்சுக்கொட்டியபோது வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்: "கொக்கு எப்பம்மா ரெண்டு காலையும் ஊனி நின்னுச்சு? ஒத்தைக் கால்ல நிக்கிறதுதான் அதுக்கு அழகு." இவர்தான் நேற்று வரைக்கும் என்னை நாடகம் பார்த்துக் கெட்டவள் என்றவர்!

கண்காட்சி முடிந்த பிறகு சார் குழுவில் ஒரு வரி போட்டார்: "சிப்பி இழைத்த பொருள் எது வந்தாலும் இனி என்னிடம் கேட்காதீர்கள். ராமேஸ்வரத்து அம்மாவிடம் கேளுங்கள்."

அதிலிருந்து மாதத்துக்கு ஒரு படமாவது எனக்கு வருகிறது. மதுரை, காரைக்குடி, ஒரு தடவை மலேசியாவிலிருந்துகூட வந்தது. பெட்டி எத்தனை வருஷப் பழசு என்று இன்றுவரை யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. எனக்கு அதில் குறையும் இல்லை. அலமாரியில் அதை வலப்பக்கம் முன்னால் தெரியும்படிதான் வைத்திருக்கிறேன். நாலு பேர் முன்னால் என் தப்பை நானே சொல்லப் பயந்து அன்றைக்குப் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு திரும்பிப் பஸ் ஏறியிருந்தால், அசலான ஒரு பொருளோடு சேர்த்து, இருபது வருஷமாக என் கை கற்ற தொழிலையும் நானே பொய்யென்று ஒப்புக்கொண்டு வந்திருப்பேன் என்று நினைக்கும்போதெல்லாம், பெட்டியைத் திருப்பி வைத்த அந்த ஒரு நொடிக்காக எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொள்கிறேன்.