மேற்படி சிறுநீரகம்

என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். முப்பது வருஷமாக அவர் கார் ஓட்டியதே இல்லை என்றும் சொல்லலாம். காலையில் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தால் சாயங்காலம் இறங்கும்வரை ஓட்டுவது யாரோ ஒருவர். கற்றுக்கொடுக்கிற காரில் இவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். அதைத் தவிர இவர் பக்கம் வேறெதுவும் கிடையாது. நிறுத்தலாம், நகர்த்த முடியாது. இப்படியே முப்பது வருஷம் உட்கார்ந்ததில் மனுஷன் குணமே ஒரு தினுசாகிவிட்டது.

பஸ்ஸில் போனால் தரையை அழுத்தி அழுத்தியே முழங்கால் வலி என்பார். டி.வி.யில் கார் துரத்துகிற காட்சி வந்தால் சோபாவுக்கு முன்னால் இருக்கிற மிதியடி நகர்ந்து சுவரில் போய் முட்டும். நான் கொஞ்சம் வேகமாகப் பேசினாலும் வலது கால் தன்பாட்டுக்கு நீளும். பெண் பார்க்க வந்தபோது எல்லோரும் நிதானமான பையன் என்றார்கள். அது நிதானம் இல்லை, வெறும் பயம் என்று எனக்குப் போகப் போகத்தான் தெரிந்தது.

இவரிடம் கற்றுக்கொண்டவர்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல் இருப்பார்கள். அதில் ஒரே ஒருவருக்குத்தான் கடைசிவரை லைசென்ஸ் கிடைக்கவில்லை. அவர் என் அண்ணன்.

அண்ணன் பத்திரம் எழுதுகிறவர். பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேஜையும் ஒரு கம்ப்யூட்டரும் ரப்பர் ஸ்டாம்பு டப்பாவுமாக உட்கார்ந்திருப்பார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. எந்தப் பெண்ணும் ஷரத்துக்கு ஒத்துவரவில்லை என்று நான் கிண்டல் செய்வேன். தும்முவதென்றாலும் முன்கூட்டியே தெரிவித்துவிட்டுத் தும்முகிற ஆள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அண்ணனுக்கு ஓட்டுநர் தேர்வு. பின்சீட்டில் தேர்வு அதிகாரி. பக்கத்துச் சீட்டில் என் வீட்டுக்காரர், காலை மடக்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அவர் கால் பிரேக்கைத் தொட்டால் ஓட்டுகிறவர் தோற்றுவிட்டார் என்று அர்த்தம். ஒரு திருப்பத்தில் லாரி வந்தது. கார் நின்றது. நடந்தது அவ்வளவுதான். அதிகாரி தோல்வி என்று எழுதிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

"நான் நிறுத்தறதுக்குள்ள உன் வீட்டுக்காரர் போட்டுட்டாரு பாப்பா" என்றார் அண்ணன். எனக்கு நாற்பத்தாறு வயசு, இன்னும் பாப்பாதான்.

"நான் தொடவே இல்ல. உங்கண்ணன் க்ளட்ச்சை விட்டாரு, வண்டி ஆஃப் ஆயிருச்சு" என்றார் இவர்.

அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை அறுந்தது. அதற்காக அண்ணன் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவது நின்றுவிடவில்லை. எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். "பாப்பா, ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லு" என்பார் அண்ணன். ஸ்விட்ச் இவர் தலைக்கு மேலே இருக்கும். இவர் அசைய மாட்டார். "என்னங்க, ஃபேனைக் கொஞ்சம் குறைங்க" என்று நான் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்த பிறகுதான் கை போகும். பதினோரு வருஷம் இந்தத் தபால்காரி வேலை பார்த்திருக்கிறேன். பென்ஷன் கொடுத்திருக்க வேண்டும்.

பிறகு அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். முகம் ஒரு நாள் வீங்கியிருக்கும், ஒரு நாள் வற்றியிருக்கும். நான் தருகிறேன் என்று போனேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, முடியாது என்றார் டாக்டர். என் சிறுநீரகம், என் அண்ணன், நடுவில் நீங்கள் யார் என்று சண்டை போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு எனக்குச் சர்க்கரை மாத்திரையைக் கூட்டி எழுதிக் கொடுத்தார்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் இவர் ஒரு பெரிய உறையை என் முன்னால் வைத்தார்.

"பொருந்துதாம்."

"என்ன பொருந்துது?"

"ரத்தம், அது, இது, எல்லாம். டெஸ்ட் எடுத்தேன். இடது பக்கம் எடுத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"அவர்கூடத்தான் நீங்க பேசறதே இல்லையே?"

"அதனாலதான். அந்த அதிகாரி போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆச்சு. இப்ப உங்கண்ணனும் போயிட்டா, நான் பிரேக் போட்டேங்கிறதே நிலைச்சுப் போயிடும். ஒத்துக்கறதுக்கு உங்கண்ணன் இருக்கணும்ல?"

சிறுநீரகம் கொடுக்க உலகத்தில் யாராவது இப்படி ஒரு காரணம் சொல்லியிருப்பார்களா தெரியவில்லை. நான் சிரித்தேன், அழுதேன், அவரை நன்றாகத் திட்டினேன். பிறகு அண்ணனிடம் ஓடினேன்.

அண்ணன் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார். "வாங்கிக்கிட்டா அவர் போடலைன்னு நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் பாப்பா."

"நீங்க செத்துப் போயிடுவீங்கண்ணா!"

"சாகலாம். ஒத்துக்க முடியாது."

தலையில் அடித்துக்கொண்டேன். நான்கு நாள் கெஞ்சியதில் ஒரு வழிக்கு வந்தார். பத்திரம் எழுதலாம் என்றார். எழுதினார். டயாலிசிஸ் கட்டிலில் படுத்தபடி ஒரு கையாலேயே எழுதினார். மேலே மண்ணீரல், கீழே இடுப்பெலும்பு, முன்னே குடல், பின்னே முதுகு என நான்கெல்லைக்குட்பட்ட இடது சிறுநீரகம் ஒன்று. மேற்படி சிறுநீரகத்தைப் பெற்றுக்கொண்டதால் பிரேக் விவகாரத்தில் பெறுநர் எதையும் ஒப்புக்கொண்டதாக ஆகாது. கொடுத்ததால் கொடையாளர் எதையும் ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது.

"இதுல ஏதாவது வில்லங்கம் உண்டான்னு உன் வீட்டுக்காரரைக் கேளு" என்றார். இவரிடம் கேட்டேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். கடைசியில், மேற்படி சிறுநீரகம் உள்ளே இருக்கும்வரை பெறுநர் பிரேக் விஷயமாக ரத்த அழுத்தம் ஏறும் அளவுக்குக் கத்தக் கூடாது என்று தன் பங்குக்கு ஒரு ஷரத்தைச் சேர்க்கச் சொன்னார். அதுவும் சேர்ந்தது. சாட்சிக் கையெழுத்து நான்.

அடுத்து நடந்ததற்கு நான்தான் காரணம். உயிரோடு இருப்பவர் உறுப்பு கொடுப்பதென்றால் ஒரு அனுமதிக் குழு உட்கார்ந்து விசாரிக்கும். விலைக்கு விற்கிறார்களா, மிரட்டி வாங்குகிறார்களா என்று பார்ப்பார்கள். அதற்கான ஃபைலைத் தயார் செய்தது நான். டிரைவிங் ஸ்கூல் ஆபீஸில் இருபது வருஷம் விண்ணப்பம் கட்டிய கை. ஒரு தாள் குறைந்தால் திருப்பி அனுப்புவார்கள், கூடுதலாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்த ஒரே ஞானம். எல்லாவற்றையும் வைத்தேன். அந்தப் பத்திரத்தையும் மூன்று நகல் எடுத்து வைத்தேன்.

குழுவில் ஐந்து பேர். தலைவர் ஒரு நரைத்த டாக்டரம்மா. ஓரத்தில் ஒரு வக்கீல். அவர் பத்திரத்தை முதலில் வேகமாகப் படித்தார், பிறகு மெதுவாகப் படித்தார்.

"பிரேக் விவகாரம்னா என்ன? சொத்து சம்பந்தமா? இதுக்குப் பதிலா ஏதாவது கைமாறுதா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள். "போடலைன்னு சொல்லு." "போட்டாருன்னு சொல்லு." வக்கீல் முகம் இறுகியது. பக்கத்தில் இருப்பவரிடம் நேராகப் பேசாதவர் அவருக்கே உறுப்பு கொடுக்கிறார் என்றால் யார்தான் நம்புவார்கள்? நன்றாக விசாரிக்க வேண்டும், மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த மூன்று வாரத்தில் அண்ணனுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. இனிமேல் தள்ளிப்போடக் கூடாதும்மா என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அதிகப்படியாகப் போன ஒரு தாளால் அண்ணனை நானே கொன்றுவிடுவேனோ என்ற நினைப்பு என்னைத் தின்றது. சமைக்கும்போதும் குளிக்கும்போதும் என்னை நானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது விசாரணைக்கு அண்ணன் டயாலிசிஸ் முடிந்து நேராக வந்தார், கையில் கட்டோடு. வக்கீல் சலிப்பாக, "அன்னைக்கு அப்படி என்னதான் நடந்துச்சு? செஞ்சே காட்டுங்களேன்" என்றார். கேலியாகத்தான் சொன்னார். இவர்கள் எழுந்தேவிட்டார்கள்.

முன்னால் இரண்டு நாற்காலி, பின்னால் ஒன்று. பின்சீட்டுக்கு அதிகாரி வேண்டும் என்று வக்கீலையே உட்கார வைத்தார்கள். என் வீட்டுக்காரர் அண்ணனின் நாற்காலியை இன்னும் இரண்டு விரல் முன்னால் தள்ளினார். தானும் உட்கார்ந்தார். பிறகு பதினோரு வருஷம் கழித்து என் அண்ணனிடம் நேராகப் பேசினார்.

"மச்சான், சீட் பெல்ட்."

அண்ணன் இல்லாத பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார். இல்லாத கண்ணாடியைச் சரிசெய்தார். அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை.

"கிளம்பிட்டோம். ரெண்டாவது கியர்" என்றார் அண்ணன். "திருப்பம் வருது. லாரி வருது. நான் இப்ப பிரேக்ல கால..."

சொல்லி முடிக்கவில்லை. கண் செருகியது. டயாலிசிஸ் முடிந்த நாளில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். அப்படியே முன்னால் சரிந்தார். மேஜை விளிம்புக்கும் அவர் நெற்றிக்கும் ஒரு சாண் தூரம் இருந்திருக்கும். என் வீட்டுக்காரரின் கை குறுக்கே பாய்ந்து அவர் மார்பைத் தாங்கியது. வலது கால் தரையில் ஓங்கி மிதித்த சத்தத்தில் மேஜை மேல் தண்ணீர் டம்ளர் ஆடியது. மிதித்த காலை எடுக்கவே இல்லை. முழு பலத்தோடு அழுத்திக்கொண்டே, "மச்சான், மச்சான்" என்று கத்தினார்.

அண்ணன் மெல்லக் கண் திறந்தார். முதலில் தன் மேல் இருந்த கையைப் பார்த்தார். பிறகு கீழே இருந்த காலைப் பார்த்தார்.

"போட்டாரு" என்றார், குரலே எழும்பாமல். "எல்லாரும் பாத்தீங்கல்ல? வக்கீல் சார், குறிச்சுக்கங்க."

"இது நாற்காலி மச்சான், இதெல்லாம் கணக்குல வராது" என்றார் இவர். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, கால் இன்னும் தரையில்தான் இருந்தது.

அண்ணனைப் பெஞ்சில் படுக்க வைத்து, காலை உயர்த்தி, தண்ணீர் கொடுத்தார்கள். வக்கீல் பின்சீட்டை விட்டு எழுந்திருக்காமல் மூக்கைச் சிந்தினார். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். கொடுப்பவரின் மனைவியும் சம்மதம் சொல்ல வேண்டுமாம். இத்தனை நாள் எல்லோருக்கும் சேதி சுமந்தேனே தவிர, உனக்கு என்ன தோன்றுகிறது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

"சம்மதம் இல்லீங்க" என்றேன். "ரெண்டு பேர் மேலயும் ஒரே நாள்ல கத்தி வைக்கப் போறீங்க. இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போவேன்? ஆனா கையெழுத்து போடாம விட்டா எங்கண்ணன் போயிடுவாரு. பேனாவைக் குடுங்க."

வாங்கிப் போட்டேன். தானத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. டாக்டரம்மா அதில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். டாக்டர் கையெழுத்து, ஒரு எழுத்தும் புரியவில்லை. கீழே அனுமதி என்ற முத்திரை மட்டும் நன்றாகத் தெரிந்தது.

பத்து நாளில் அறுவை சிகிச்சை. காலையில் இரண்டு பேரையும் தள்ளிக்கொண்டு போனார்கள். மத்தியானத்துக்கு மேல் இவரை இரண்டாம் மாடி வார்டுக்குக் கொண்டுவந்தார்கள், அண்ணனை மூன்றாம் மாடியில் கண்ணாடி அறையில் வைத்தார்கள். இனி ஒரே ஒரு விஷயம்தான். அண்ணனுக்கு ஒன்றரை வருஷமாகச் சிறுநீர் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. புதுச் சிறுநீரகம் வேலை செய்தால் இறங்கும். இறங்காவிட்டால் இத்தனையும் வீண், இவர் வயிற்றைக் கிழித்ததும் வீண். கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, கட்டிலில் தொங்கிய பையையே பார்த்து நின்றேன். மூத்திரத்துக்காக இப்படி ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

நர்ஸ் குனிந்து பார்த்தாள். பையைத் தூக்கி எனக்குக் காட்டினாள். பாதிக்கு மேல் மஞ்சளாக இருந்தது. விரலால் எட்டு என்று காட்டினாள்.

ஒரு மாடி இறங்கி ஓடினேன். இவர் மயக்கம் பாதி தெளிந்து கிடந்தார். உதடு காய்ந்திருந்தது.

"வருதா?"

"வருதுங்க. எண்ணூறு மில்லி."

"நிக்காம வருதா?"

"நிக்காம வருது."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. தையல் இழுத்து வலித்திருக்கும், ஐயோ ஐயோ என்றார், அழுகையை நிறுத்தவில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான்கிட்ட சொல்லு. அப்படியே போகச் சொல்லு. நல்லாப் போறாருன்னு சொல்லு" என்றார்.

மறுபடி மேலே ஓடினேன். கண்ணாடிக்கு வெளியே நின்று கத்திச் சொன்னேன். உள்ளே எதுவும் கேட்டிருக்காது. ஆனால் அண்ணன் என் வாயையே பார்த்தார், பார்த்துவிட்டு இடுப்பில் கட்டுப்போட்ட இடத்தின் மேல் உள்ளங்கையை மெதுவாக வைத்துக்கொண்டார். கையை எடுக்காமல், என்னைப் பார்த்து, அவர் எப்படி இருக்கிறார் என்று தலையசைப்பில் கேட்டார்.

அதைக் கொண்டுபோய்ச் சொல்வதற்காகத் திரும்பினேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன். மேலே ஒருவர், கீழே ஒருவர், இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.