உப்புப் போட்டுப் பார்க்காத ஈஸ்ட்

சென்ற வாரம் பாண் வாங்க, கடலோர மீனவர் ஊரான குருநகருக்குப் போனேன். பேக்கரியில் நின்றவள் ஜெசிந்தா – என் சிநேகிதியின் மகள். கடை அவள் கணவருடையது. மாவுக்கு ஈஸ்ட் நிறுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஈஸ்டைத்தான் அவள் ஒருகாலத்தில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தாள். அதன் மரபணுக்களுள் ஒன்றை நீக்கினால் வளர்ச்சி குன்றுமா? இதுவே கேள்வி. மின்சாரம் நின்று நின்று வந்த ஆய்வுகூடத்தில் மாதக்கணக்காகப் பாடுபட்டு நீக்கினாள். ஈஸ்டோ ஒன்றுமே நடவாததுபோல் வளர்ந்தது...

மேற்பார்வையாளர் உதட்டைப் பிதுக்கினார். தோற்றுவிட்டதாக எண்ணிய ஜெசிந்தா பட்டப்படிப்பைப் பாதியில் விட்டாள். வீட்டிலும் எவரும் தடுக்கவில்லை; கலியாணம் பேசி வந்திருந்த நேரம் அது.

நான் பாண் வாங்கப் போன அன்று கடையில் கூட்டமில்லை. தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். ஈஸ்டின் மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கி, எது வளர்ந்தது, எது தளர்ந்தது என்று பல நாட்டு ஆய்வாளர்கள் பதிந்துவைத்த பொதுத் தரவுத்தளம். ஈஸ்ட் பக்கெற்றை உடைக்கும்போது ஏதோ நினைவு வந்து தேடினாளாம். அவளுடைய மரபணுவும் அதில் இருந்தது. வழக்கமான உணவில்: மாற்றமில்லை.

“நான் கண்டது சரிதான், அன்ரி. தோத்துப்போனன் எண்டு நினைச்சதுதான் பிழை.”

அதற்குக் கீழே இன்னொரு வரி. உப்புக் கலந்த உணவில்: வளர்ச்சி குன்றும்.

“நான் சீனி மட்டும் குடுத்து வளத்தனான். குருநகர்ப் பெட்டைக்கு உப்பு ஞாபகம் வரேல்லையெண்டு கேள்விப்பட்டால், அப்பா என்னைக் கடலுக்கை தள்ளிப்போடுவார்.”

சிரித்தாள். என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

திரும்பப் போய்ப் படிக்க வழியில்லையா என்று கேட்டேன். விசாரித்துவிட்டாளாம், பழைய பதிவு செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். கைக்குழந்தையும் கடையுமாக எப்படித் தொடங்குவது?

நடந்ததை மட்டுமே நாம் ஊருக்குச் சொல்கிறோம். ஒன்றும் நடக்காததை ஒளித்துக்கொள்கிறோம். அந்தத் தளத்திலோ ‘மாற்றமில்லை’ என்பதும் மற்ற முடிவுகளின் பக்கத்திலேயே, அதே எழுத்தில் நிற்கிறது. அதை அன்றே கண்டிருந்தால், ஈஸ்டுக்கு அடுத்து எதைக் கொடுத்துப் பார்ப்பது என்றல்லவா அவள் யோசித்திருப்பாள்!

“அப்பவும் உது இருந்ததோ?”

“ஓம் அன்ரி. நான் கம்பஸுக்குப் போறதுக்கு முதலே இருந்திருக்கு.”

அச்சுப் பாணைத் தாளில் சுற்றித் தந்தாள். இன்னும் சுட்டது.

அந்தத் தளத்தைப் பார்க்கக் காசு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம் – பார் என்று சொல்ல ஒருவர் இருந்திருந்தால் போதும்.