அப்பா தேடிய ஒரு வரி

மலாய் நாட்டில், செமிலிங் அருகே ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்த எங்கள் அப்பா நம்மைவிட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரை உங்கள் கைகளில் கொடுக்கும்போது மகளாகிய நான் என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவுக்குப் பத்து வயது. சயாமில் ரயில் பாதை போட வீட்டுக்கோர் ஆள் கேட்டார்கள். தாத்தா காய்ச்சலில் கிடந்தார். அப்பாவின் அண்ணன், பதினேழு வயதுப் பெரியப்பா, “நா வர்றேன், எங்கப்பாவ விட்டுடுங்க” என்று லாரியில் ஏறினார். திரும்பவே இல்லை. வருவார் என்றே இருந்த குடும்பம் அவருக்குக் காரியமும் செய்யவில்லை.

அப்பா பால்மரம் சீவினார். பிறகு சுங்கைப் பட்டாணி நகரத்துத் தொழிற்சாலையில் காவலராக நின்று எங்கள் நால்வரையும் படிக்க வைத்தார். ஓய்வுக்குப்பின், நாட்டின் முன்னாள் தலைவர் ஒருவர் மலாய் மொழியில் எழுதிய நினைவு நூலை வாங்கி வந்தார்.

“நாட்ட எப்படி நடத்துனாங்கன்னு நடத்துனவரே சொல்றாரு. படிச்சுப் பாப்போம்லா” என்றார்.

குடியுரிமை, தேர்தல், கட்சிச் சண்டை எல்லாம் அகராதியோடு படித்தார். ஜப்பானியர் கால அத்தியாயத்துக்கு மட்டும் மீண்டும் மீண்டும் போனார். பார்வை மங்கியதும் என்னை வாசிக்கச் சொன்னார். ஒரு நாள் வேலைக் களைப்பில் வெடித்துவிட்டேன்.

“எத்தன வாட்டிப்பா? பெரியப்பா பேரு இதுல வரவா போகுது?”

“பேரு வராதும்மா, தெரியும். இத்தன பேரு போனது மேல உள்ளவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சான்னு பாக்கறேன். ஒரு வரி இருந்தாப் போதும்.”

அதன்பின் அவர் என்னிடம் கேட்கவே இல்லை. மூன்றே வாரத்தில் பக்கவாதம் வந்து பேச்சு நின்றது. மருத்துவமனையில் அதே அத்தியாயத்தை வாசித்தேன். ‘தோட்டத்து ஆட்கள் பலர் சயாமுக்குப் போனார்கள், திரும்பவில்லை’ என்று நூலில் இல்லாத வரியொன்றை மலாயில் நானே சேர்த்து வாசித்தேன். அப்பா கண் திறக்கவில்லை. மறுநாள் போய்விட்டார்.

கடினமான மலாய்ச் சொற்களுக்கு வேலியோரம் நின்று பொருள் சொன்ன பக்கத்து வீட்டு ஆசிரியருக்கும், இரவு பகலாகக் கவனித்த தாதியருக்கும், பாடை சுமந்த தோட்டத்துச் சொந்தங்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

பதினாறாம் நாள் மெர்போக் ஆற்றங்கரையில் அப்பாவோடு பெரியப்பாவுக்கும் பிண்டம் வைத்தோம்.

“உங்க பெரியப்பா எறந்த நாள் சொல்லுங்க” என்றார் ஐயர்.

எங்களில் யாருக்கும் தெரியவில்லை.