சர்வருக்குத் தோசை சுடத் தெரியணுமா?

போன வாரம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எழுநூறு பேருக்குச் சேர்த்து ஒரு பெட்டி வாங்கப் பார்த்தோம்.

செல்வராஜ் அண்ணன் மார்த்தாண்டத்துக்காரர். பழவங்காடியில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். சமீபத்தில் அவருடைய ஹார்ட் டிஸ்க் ஒன்று செத்துப்போனது. அதோடு விழிஞ்ஞத்துப் பெண் ஒருத்தியின் கல்யாணம் மொத்தமும் போனது. பெண் வீட்டார் சண்டை போடவில்லை. வந்து உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார்கள். அதுதான் அண்ணனைப் படுத்தியது.

"இன்னொண்ணு போச்சுன்னா கடைய மூடிட்டு ஊருக்குப் போயிருவேன்" என்றார்.

அதற்காகத்தான் இந்தப் பெட்டி. எல்லாப் படங்களையும் ஒரே இடத்தில் வைத்து, எடிட் செய்கிறவர்கள் கேட்கும்போது எடுத்துக் கொடுக்கிற ஃபைல் சர்வர். வேறு வேலை அதற்குக் கிடையாது. அண்ணனோடு எடிட்டர் சுனிதாவும் வந்தாள். நான்? சும்மா இருந்தேன், போனேன்.

பெட்டிக்கு மூளையாக எந்தப் பிராசஸர் போடுவது என்று கடைக்காரர் மலையாளத்தில் ஆரம்பித்தார். "எத்ர பேருண்டு சேட்டா?"

அண்ணன் யோசிக்கவே இல்லை. "எழுநூறு பேரு வரும். சீசன்னா ஆயிரமும் ஆவும்."

கடைக்காரர் எழுந்தே விட்டார். உள்ளே போய், இருப்பதிலேயே பெரிய பிராசஸரோடு வந்தார். அதை வாங்கினால் ஒரே ஒரு டிஸ்க்தான் கட்டுப்படியாகும். அண்ணன் தலையாட்டிவிட்டார்!

சுனிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அய்யோ அண்ணா... அவரு கேட்டது பந்திக்கு வர்ற ஆளில்ல. ஃபைல் திறக்கற ஆளு. நம்ம மூணு பேரு!"

"மூணு பேரோ?" கடைக்காரர் அந்தப் பெரிய பிராசஸரை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எங்கில் செறியது மதி."

சின்னதே போதும் என்கிறார். அண்ணனுக்கு மனசு வரவில்லை. "எல்லாக் கல்யாணமும் இதுக்குள்ளதான் கெடக்கப் போவுது. பெருசா இருந்தாத்தானே பத்திரம்? நீ சொல்லு மக்கா."

என் படிப்பு எட்டாம் கிளாஸ். ஆனால் சர்வர் என்றால் எனக்குத் தெரியும். கல்லாற்றில் ஒரு ஹோட்டலில் சர்வராக இருந்தவன் நான். சாப்பாடும், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் படுக்க இடமும்தான் சம்பளம்.

"அண்ணே, எனக்குத் தோசை சுடத் தெரியாது. கேட்டத கேட்ட டேபிள்ல சிந்தாம வைப்பேன். அதுக்கு மேல மொதலாளி என்கிட்ட எதிர்பார்க்கல."

"தோசக்கல்லு ஒடஞ்சா?"

"இன்னொரு கல்லு வேணும். பெரிய சர்வர வச்சு என்ன செய்ய?"

அண்ணன் சிரிக்கவில்லை. சின்னப் பிராசஸரும் இரண்டு டிஸ்க்குமாக வாங்கினார். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும்.

நானும் பல ஊர், பல வேலை பார்த்துவிட்டேன். பயம் வந்தால் மனுஷன் பெரியதாக ஏதாவது வாங்குகிறான். எது கைவிட்டதோ அதையா வாங்குகிறான்? அண்ணனைக் கைவிட்டது டிஸ்க். அவர் விலை பேசியது மூளைக்கு!

பெட்டியை மாட்டிய அன்றைக்கே அண்ணனுக்குச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதிலிருந்து ஒரு கல்யாணத்தை சுனிதா ஓடவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு டிஸ்க்கை உருவினார்.

"அண்ணா, கண்ணத் தொறந்து பாருங்க" என்றாள் சுனிதா.

திரையில் மாப்பிள்ளை தன் பாட்டுக்குப் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்.