அம்மன் தின்ற முதல் மாங்காய்

இதை எழுத நினைத்துப் பல வருஷம் ஆகிறது. நோட்டைத் திறப்பேன், மேலே 'மாரியம்மன் துணை' என்று போடுவேன், அதோடு மூடி வைத்துவிடுவேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதினால் யார் படிப்பார்கள் என்பது ஒரு தயக்கம். அதைவிடப் பெரிய தயக்கம், இது சாமி சமாச்சாரம். ஊர் முழுக்க ஒரு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கையில் நான் ஒருத்தி வேறு மாதிரி சொன்னால், கிழவிக்குப் புத்தி கலங்கிவிட்டது என்பார்கள். சொல்லட்டும். எண்பதைத் தாண்டிவிட்டேன். இனி யாருக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ள வேண்டும்?

போன மார்கழியில் என் மருமகள் பிரிட்ஜைத் திறந்து ஒரு பச்சை மாங்காயை எடுத்தாள். மார்கழியில் மாங்காய்! அரிவாள்மனையில் வைத்து அரிந்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்து மூக்கைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன். ஒரு வாசனையும் வரவில்லை. "வெட்டிட்டியாம்மா?" என்று கேட்டேன். "வெட்டி உப்பும் போட்டாச்சுங்க அத்தே, ஜலதோஷமா உங்களுக்கு?" என்றாள். ஜலதோஷமெல்லாம் இல்லை. அந்தக் காலத்தில் ஒரு மாங்காயைக் கீறினால் நாலு வீட்டுக்குத் தெரியும். அந்த வாசனைதான் என்னை மாட்டிவிடும் என்று ஒரு காலத்தில் பயந்தேன். கடைசியில் மாட்டிவிட்டது வேறு ஒன்று. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் சித்தேரி மலை அடிவாரத்தில், பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து நடந்துபோகிற தூரம். இரண்டாவது உலகச் சண்டைக் காலம் அது. மண்ணெண்ணெய் கிடைக்காது, துணி கிடைக்காது. ஆனால் பங்குனி பிறந்துவிட்டால் எங்களை யாரும் ஏழை என்று சொல்ல முடியாது. இப்போது பேரப்பிள்ளைகள், "பாவம், கூழ் குடிச்சே வளந்தீங்களா?" என்று இரக்கப்படுகிறார்கள். என்ன பாவம்? ராத்திரி மீந்த ராகிக் களியைத் தண்ணீரில் போட்டு வைத்து, விடிந்ததும் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கல்லில் தட்டிப் போட்டுக் குடித்துப் பாருங்கள். வேப்பம்பூ உதிர்கிற நேரம், காற்றே கசப்பும் இனிப்புமாக இருக்கும். நுங்கு வெட்டினால் விரலால் தோண்டி உறிஞ்சுவோம். கன்னமெல்லாம் வழியும். புதுப் புளியை உப்பும் மிளகாயும் வைத்து இடித்துக் குச்சியில் உருட்டிச் சப்புவோம், நாக்கு புண்ணாகும்வரை. என் பல்லெல்லாம் முன்னாலேயே போனதற்கு அதுதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். போகட்டும், பல்லுக்கு அது வேலைதானே.

மாங்காய் மட்டும் அப்படி இஷ்டத்துக்குத் தின்ன முடியாது. எங்கள் ஊரில் ஒரு கட்டு இருந்தது. ஊர்க்கவுண்டர் தம் தோட்டத்து மரத்தில் தம் கையால் முதல் மாங்காயைப் பறித்து அம்மனுக்கு வைக்க வேண்டும். அதுவரை யாரும், சொந்த மரமானாலும், ஒரு வடுகூட வாயில் வைக்கக் கூடாது. எனக்கும் அது பிடித்தே இருந்தது. சாமிக்குக் கொடுக்காமல் நாம் தின்பது என்ன நியாயம்?

அந்த வருஷம் கவுண்டரின் பங்காளி வீட்டில் சாவு. பதினாறு நாள் தீட்டு. தீட்டுக் கழிந்ததும் கவுண்டர் நில வழக்குக்காகச் சேலம் போனார். வாய்தாவுக்கு மேல் வாய்தா. மாங்காய்கள் மரத்திலேயே கொட்டை முற்றிக்கொண்டிருந்தன.

எங்கள் வீட்டில் அப்போது என் நாத்தனார் நாகம்மாள், ஆறு மாசக் கர்ப்பம். ஏற்கெனவே இரண்டு தங்கவில்லை. புருஷன் வீட்டில் எதுவும் இறங்கவில்லை என்று இங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். நாலு நாளாகக் களி, கூழ், நெல்லுச்சோறு, எது கொடுத்தாலும் வாந்தி. மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் மாமியாரிடம், "எது நிக்குதோ அதக் குடு. ஒண்ணும் எறங்கலைன்னா இதுவும் தங்காது" என்று சொல்லிப் போனாள்.

நாகம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணீ, ஒரே ஒரு மாங்கா கீத்து. கூழுல போட்டு. அது மட்டும் நிக்கும்னு தோணுது."

"கட்டு அவுக்கலியே நாகு."

"தெரியும் அண்ணீ. சும்மாதான் சொன்னேன்." சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் அழுதிருந்தால்கூட நான் பேசாமல் இருந்திருப்பேன். அந்தத் திரும்பல்தான் தாங்கவில்லை.

உச்சி வெயிலில், ஊர் அடங்கியிருந்த நேரத்தில், எங்கள் கிணற்று மேட்டு மரத்தில் ஒன்றைப் பறித்தேன். அவசரத்தில் காம்பை ஒடித்த வேகத்துக்குப் பால் பீய்ச்சிக் கன்னத்தில் தெறித்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு அம்மன் கல்லுக்கு ஓடினேன். அப்போது கோயில் ஏது, ஒரு கல்லும் வேம்பும்தான். மாங்காயைக் கல்லின் முன்னால் வைத்தேன். "தாயே, மொறைப்படி நீதான் மொதல்ல தின்னணும். இந்தா, தின்னு. கவுண்டரு வாய்தாவுக்குப் போயிட்டாரு, அந்தப் புள்ளையால காத்திருக்க முடியாது" என்றேன்.

பல்லி சொல்லவில்லை. பூ விழவில்லை. வெயில்தான் அடித்தது. அவள் தின்று முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு நூறு வரைதான் எண்ணத் தெரியும். நூறு எண்ணினேன். மாங்காயை எடுத்துக்கொண்டு வந்தேன்.

கதவைச் சாத்தி, மாங்காய் வாசனை வெளியே தெரியாமலிருக்க அடுப்பில் மிளகாயைப் போட்டுக் கருக்கி, இருமிக்கொண்டே அரிந்தேன். நாகம்மாள் ஒரு சொம்புக் கூழைக் குடித்தாள். நானும் மாமியாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏப்பம் விட்டாள். "இன்னும் இருக்கா?" என்றாள்.

சாயங்காலம் தண்ணீருக்குப் போன இடத்தில் பக்கத்து வீட்டுக்காரி என் கன்னத்தைப் பார்த்தாள். மாம்பால் பட்ட இடம் வெந்து கறுத்திருந்தது. "கன்னத்துல மைப்பொட்டு யாருக்குடி வச்ச?" என்று சிரித்தாள். மாம்பால் என்று புரிந்த பிறகு சிரிக்கவில்லை.

கவுண்டர் வந்து சேர்ந்ததும் அம்மன் கல் முன்னால் கூடிய முதல் பஞ்சாயத்து என் கன்னம்தான். போவதற்கு முன் என் மாமனார், "எண்ணெ தெறிச்சிருச்சின்னு சொல்லிடும்மா. மானம் போகுது" என்றார்.

"அம்மன் முன்னால நின்னுக்கிட்டு எப்படிங்க மாமா பொய் சொல்றது? அவளே பாத்துக்கிட்டு இருந்தாளே" என்றேன். அவருக்கு எதிராக நான் பேசிய முதல் பேச்சு அது.

கவுண்டர் கேட்டார், "பறிச்சியா?"

"பறிச்சேனுங்க. அம்மனுக்கு வச்சுட்டுத்தான் எடுத்தேன்."

"அம்மன் தின்னுச்சின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க வைக்கறப்ப உங்களுக்கு எப்படித் தெரியுதோ அப்படித்தானுங்க."

யாரோ ஒருவர் பின்னால் சிரித்துவிட்டார். கவுண்டர் முகம் சிவந்தது. பூசாரி கற்பூரம் ஏற்றினார், சத்தியம் செய்யச் சொன்னார். அம்மனுக்கு வைத்தது உண்மை என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். கை சுட்டது. நெருப்பு சுடாமல் என்ன செய்யும்? விளக்கெண்ணெய் தடவிக்கொண்டேன்.

"அம்மனுக்கு வச்சாலும் சரி, ஊர்க்கட்ட மீறினது மீறினதுதான்" என்றார் கவுண்டர். "இந்த வருசம் உங்க வூட்டுக் கூழு கொப்பரையில சேராது."

சித்திரைத் திருவிழாவில் எல்லா வீட்டுக் கூழும் ஒரே கொப்பரையில் கலக்கும், எல்லாருக்கும் ஊற்றுவார்கள். அதில் சேராத வீடு ஊரில் இல்லாத வீடு மாதிரி. அடிபட்டிருந்தால் அவ்வளவு வலித்திருக்காது.

திருவிழா அன்று நான் கூழ் காய்ச்சினேன். அதற்குள் கவுண்டர் தம் மாங்காயை அம்மனுக்கு வைத்துக் கட்டும் அவிழ்ந்திருந்தது. கிணற்று மேட்டு மாங்காயில் முப்பதைப் பொடிப்பொடியாக அரிந்து போட்டேன். "எங்க ஊத்தப் போற?" என்றார் மாமனார். "அம்மனுக்குக் காய்ச்சினதுங்க. குடிக்கிறவங்களுக்கு ஊத்துவேன்" என்றேன். என் வீட்டுக்காரர் பேசாத மனுஷர். பானையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

மலைப்பாதை இறங்குகிற இடத்தில் ஒரு புளியமரம். சித்தேரிக்காரர்கள் சாமையும் தேனும் சுமந்து திருவிழாவுக்கு இறங்கி வந்தார்கள். தாகத்தோடு குடித்தார்கள். எங்கள் ஊர்க் கட்டைக் கேள்விப்பட்டிருந்த ஒரு மலைக்காரம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "என்னா புளிப்பு! அதான் உங்க சாமி தாமசமாத் தின்னுதா?" என்றாள். நான் சிரித்ததில் கரண்டி கீழே விழுந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். மாங்காய் போட்ட கூழ் கொப்பரையில் கிடையாதே. கடைசியில் கவுண்டரின் மனைவி, கையில் சொம்போடு.

"எங்க வூட்டுக்காரரு அனுப்பல. நானாத்தான் வந்தேன். ஊத்து" என்றார்.

ஆனிக் கடைசியில் நாகம்மாளுக்குப் பெண் பிறந்தது. தங்கியது. மாரியம்மா என்று பேர் வைத்தோம்.

அந்தக் கிணறு தூர்ந்துவிட்டது. ரோட்டை அகலமாக்கியபோது புளியமரமும் போயிற்று. கிணற்று மேட்டு மாமரத்தை வெட்டியபோது நான் அங்கே போகவில்லை. கல் இருந்த இடத்தில் இப்போது கோபுரம். வருஷாவருஷம் திருவிழா நோட்டீசில் அச்சடிக்கிறார்கள்: அம்மன் ஒரு பெண்ணின் கனவில் வந்து மாங்காய் கேட்டாளாம், அவள் கையில் கற்பூரம் குளிர்ந்துபோனதாம். அதன் ஞாபகமாக மாங்காய்ப் படையல் வைக்கிறார்கள். மாங்காய் சந்தையில் வாங்கியது. அதற்காக ஊரில் யாரும் காத்திருப்பதில்லை. முந்தின மாசமே தின்றிருப்பார்கள்.

அம்மனை நான் இன்றைக்கும் காலையில் கும்பிட்டுவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கிறேன். அவளுக்குத் தெரியும். கனவு எதுவும் வரவில்லை. அவள் கேட்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. பறித்தவள் நான். கை சுட்டது. நீங்கள் யாரிடமாவது இதைச் சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள். எனக்காக ஒரு பூவைக்கூட விழ வைக்காதீர்கள். நூறு வரை எண்ணினாள், எடுத்துக்கொண்டு வந்தாள் என்று சொல்லுங்கள்.