ஏழாவது வெடி

தொண்ணூறுகளில், புலம்பெயர்ந்து வந்து பார்க்டேலில் நாங்கள் இருந்த கட்டடத்தின் காவலாளி யாழ்ப்பாணத்து ஆள். நெடிய உருவம், சட்டையைக் கழுத்து வரை பூட்டியிருப்பார். சனிக்கிழமை மத்தியானங்களில் மேசையிலுள்ள சின்ன டிவியில் துவக்குச் சண்டை நிறைந்த கவ்போய்ப் படம் பார்ப்பார். ஒவ்வொரு வெடிக்கும் ஒரு விரலை மடக்குவார்.

உடுப்பைத் துவைக்கிற மெஷினில் போட்டுவிட்டு ஒருநாள் நானும் பக்கத்தில் இருந்தேன். கதாநாயகன் ஒரே மூச்சில் ஒன்பது தரம் சுட்டான்.

“புளுகன்! உந்தக் காலத்துக் கைத்துவக்குக்கு ஆறு ரவைதான் தம்பி. ஏழாவது எங்கையிருந்து வந்தது? ஒரு வெடிக்கே புகை மூடவேணும். உவன்ர மீசை பளிச்செண்டு தெரியுது!”

நான் சிரித்தேன். “கதையைப் பாக்காமல் வெடியையே எண்ணுறியள், அண்ணை?”

“ஊரில சண்டை நேரம் பங்கர்க் குழிக்குள்ள இருந்து பழகினது. வெடியை எண்ணி, ஓய்ஞ்சால்தான் வெளியில வரலாம்.” மடக்கிய விரல்களைப் பார்த்தார். “ஒருக்காப் பிழையா எண்ணிப்போட்டன். முடிஞ்சுது, போ எண்டு என்ர தம்பியை அனுப்பினது நான்தான்.”

நான் டிவியின் சத்தத்தைக் குறைத்தேன்.

“பிறகேன் அண்ணை உதுகளைப் பாக்கிறியள்?”

“இதில பிழை விடுறது படக்காரன்தானே” என்றார்.

இன்றைக்கும் டிவியில் துவக்குச் சத்தம் கேட்டால் என் விரல் தானாக மடங்குகிறது.